கை தவறான குமிழுக்குப் போகாமல் இருக்க: சிறிய விமானம் ஓட்டுபவர்களுக்கு

பைப்பர் வாரியர் என்ற சிறிய விமானத்தில் கற்றுக்கொண்டு, கிட்டத்தட்ட 60 மணி நேரம் அதிலேயே பறந்துவிட்டு, அப்புறம்தான் செஸ்னா 152-க்கு மாறினேன். மூன்றாவது பறப்பு. காலை நேரம், காற்றே இல்லை, ரன்வேக்கு இணையாக ஆயிரம் அடியில் டவுன்விண்டில் போய்க்கொண்டிருந்தோம். வேகத்தைக் குறைக்கும் முன் கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி உறையாமல் இருக்கச் சூடான காற்று விடும் கட்டுப்பாடு) போட வேண்டும். என் கை எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை விட்டு வலது பக்கம் போனது, ஏனென்றால் வாரியரில் கார்ப் ஹீட் லீவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 152-இல் அது த்ராட்டிலுக்கு இடது பக்கம். வலது பக்கம் இருப்பது மிக்ஸ்சர், அதாவது எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழ். அதை முழுதாக இழுத்தால் எஞ்சினுக்கு எரிபொருள் போவது நின்றுவிடும். பாதி இழுத்துவிட்டேன், எஞ்சின் இருமியது, பக்கத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் என் கையின் மேல் தன் கையை வைத்து அப்படியே முன்னால் தள்ளினார். "எதைப் பிடிச்சிருக்கீங்க, பாருங்க." அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் குமிழின் நடுவில் ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு, அதை அழுத்தாமல் இழுக்க முடியாது. ஆனாலும் என் கட்டைவிரல் அதை அழுத்திவிட்டது. ஒவ்வொரு பறப்பின் முடிவிலும் எஞ்சினை நிறுத்தும்போது அதைத்தானே செய்கிறோம்! சிவப்புக் குமிழைப் பிடித்த கை பொத்தானையும் சேர்த்து அழுத்தப் பழகிவிட்டது. இதைப் படிப்பவர்கள் முதலில் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: தவறுவது பெரும்பாலும் பழகிய கைதான். புதியவர் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்துத் தொடுவார். பழகியவரின் கை தானாகப் போகும், கண் வெளியே ரன்வேயைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரை இங்கே எதற்கும் உதவாது. கைக்கு வேறு பழக்கம் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான் வழி, அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது நேற்று வந்த பிரச்சினை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாக இறங்கிய பிறகு, ஓடுதளத்திலேயே சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றில் உட்கார்ந்தன. பைலட்கள் ஃப்ளாப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் தகடு) ஏற்றப் போய் லேண்டிங் கியரை, அதாவது சக்கரங்களை, ஏற்றிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டால் ஒரே மாதிரி. அவர் சொன்ன தீர்வு எளிமையானது: கியர் லீவரின் முனையில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், ஃப்ளாப் லீவரின் முனையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு. இன்று நீங்கள் உட்காரும் விமானத்தில் கியர் குமிழ் சக்கரம் போலவும் ஃப்ளாப் குமிழ் இறக்கை போலவும் இருப்பதற்கு இதுதான் ஆரம்பம். 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர், கட்டுப்பாடுகளைக் கையாள்வதில் பைலட்கள் செய்த 460 தவறுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அதில் பாதி, ஒன்றைப் பிடிப்பதாக நினைத்து இன்னொன்றைப் பிடித்தது. காரணத்தைப் பாருங்கள்: அன்றைய ராணுவ விமானங்களில், பி-25-இல் இடமிருந்து வலமாக த்ராட்டில், ப்ரொப்பெல்லர், மிக்ஸ்சர். சி-47-இல் ப்ரொப்பெல்லர், த்ராட்டில், மிக்ஸ்சர். சி-82-இல் மிக்ஸ்சர், த்ராட்டில், ப்ரொப்பெல்லர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவரின் கை எங்கே போகும்?

இப்போது வரிசை பெரும்பாலும் ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான்: கறுப்பு த்ராட்டில், நீலம் ப்ரொப்பெல்லர், சிவப்பு மிக்ஸ்சர். ஆனால் கார்ப் ஹீட், எரிபொருள் செலக்டர் (எந்த டேங்கிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று மாற்றும் பிடி), எரிபொருள் பம்ப் சுவிட்ச், பார்க்கிங் பிரேக், ஃப்ளாப் இதெல்லாம் இன்றும் விமானத்துக்கு விமானம் இடம் மாறுகின்றன.

தரையில் செய்ய வேண்டிய பயிற்சி

எஞ்சினை நிறுத்தி, மாஸ்டர் சுவிட்சை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் இருக்கையில் உட்காருங்கள். பறக்கும்போது எந்த உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கையை வைப்பீர்களோ அதே இடத்தில் வையுங்கள், பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டு அங்குலம் மாறினாலும் கை போகும் இடம் மாறும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நண்பர் ஒருவர் உட்கார்ந்து பெயர்களை இஷ்டத்துக்குக் கலைத்துச் சொல்லட்டும்: மிக்ஸ்சர், லேண்டிங் லைட், ஃப்ளாப், எரிபொருள் செலக்டர், மாற்று ஸ்டாட்டிக், கார்ப் ஹீட், பம்ப். ஒவ்வொன்றையும் தொட்டதும் கண்ணைத் திறப்பதற்கு முன் அது தொடுவதற்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்: "சொரசொரப்பு, பல் பல்லாக இருக்கு, மிக்ஸ்சர்." "வழவழப்பு, உருண்டை, த்ராட்டில்." அப்புறம் கண்ணைத் திறந்து பாருங்கள்.

தொடுவது மட்டும்தான், எதையும் நகர்த்தக் கூடாது. சக்கரம் மடங்கும் விமானமாக இருந்தால் இதை இரண்டு தடவை சொல்வேன், கியர் லீவரைத் தரையில் நகர்த்திப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

பத்து நிமிடம் போதும். முதல் நாளே உங்கள் கை எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும், தடுமாறிய அந்த இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பைப்பர்களில் பம்ப், லேண்டிங் லைட், பீட்டோ ஹீட் எல்லாம் ஒரே மாதிரியான சுவிட்சுகளாக வரிசையாக இருக்கும். அங்கே விரலால் எண்ணிக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஆபத்து, இருட்டில் ஒன்று தள்ளிப் போய்விடும். அந்த வரிசையைக் கண்ணால் பார்க்காமல் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிடுங்கள்.

தொடு, பார், சொல், அப்புறம் நகர்த்து

பறக்கும்போது கைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வரிசை இது. கை குமிழைத் தொடுகிறது, அங்கேயே நிற்கிறது. கண் கீழே வந்து கையைப் பார்க்கிறது. வாய் பெயரைச் சொல்கிறது, சத்தமாக, தனியாகப் பறந்தாலும் சத்தமாக. அதற்குப் பிறகுதான் இழுப்பதோ தள்ளுவதோ. மொத்தமாக இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடி இல்லாத அவசரம் சிறிய விமானத்தில் அரிதிலும் அரிது.

எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. த்ராட்டிலுக்கும் யோக்குக்கும் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) இப்படிச் செய்துகொண்டிருந்தால் பறக்கவே முடியாது. தவறாகப் பிடித்தால் எஞ்சினோ சக்கரமோ போய்விடும் என்கிற ஆறேழுக்கு மட்டும் வையுங்கள்: மிக்ஸ்சர், எரிபொருள் செலக்டர், கார்ப் ஹீட், பம்ப், கியர், ஃப்ளாப், மேக்னெட்டோ சாவி (எஞ்சினின் தீப்பொறியைக் கட்டுப்படுத்துவது).

ராபின்சன் ஹெலிகாப்டர் நிறுவனம் தன் பைலட்களுக்கு வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்புகளில் முதலாவது எதைப் பற்றியது தெரியுமா? கார்ப் ஹீட்டை இழுப்பதாக நினைத்து மிக்ஸ்சரை இழுத்துவிடுவதைப் பற்றி. குமிழ்களின் வடிவம் வேறு, பூட்டுப் பொத்தான் வேறு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையையும் மாட்டி வைத்தார்கள், எஞ்சினை நிறுத்தும் நேரம் வரும்வரை அந்த உறையைக் கழற்றக் கூடாது. அந்த உறை உங்கள் கையை அரை விநாடி நிறுத்துகிறது பாருங்கள், அதே வேலையைத்தான் வாயால் பெயர் சொல்வது செய்கிறது.

ரன்வேயில் இருக்கும்வரை கையை வைக்காதீர்கள்

இறங்கிய பிறகுதான் மனம் தளரும். சக்கரம் தரையைத் தொட்டாயிற்று, அடுத்து ஃப்ளாப்பை ஏற்றி, விளக்கை அணைத்து, டிரிம்மைச் சரிசெய்து என்று கை ஓடத் தொடங்கும். செய்ய வேண்டாம். ரன்வேயை விட்டு வெளியே வந்து, ரன்வே எல்லைக் கோட்டைத் தாண்டி, விமானத்தை முழுதாக நிறுத்தி, அப்புறம் செக்லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

பீச்கிராஃப்ட் பொனான்ஸா ஓட்டுபவர்களுக்கு இது மிக முக்கியம். 1984-க்கு முந்தைய பொனான்ஸாக்களில் கியர் சுவிட்ச் வலது பக்கமும் ஃப்ளாப் சுவிட்ச் இடது பக்கமும் இருக்கின்றன, மற்ற விமானங்களுக்கு நேர் எதிர். செஸ்னாவிலோ பைப்பரிலோ பழகியவர் ஃப்ளாப் என்று நினைத்து வலது பக்கம் கை வைத்தால், கிடைப்பது கியர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980-இல் இதற்காகவே தனி அறிக்கை வெளியிட்டது, இந்த விபத்துகளை வடிவமைப்பே தூண்டுகிறது என்று அதன் தலைப்பிலேயே சொன்னது. "என் விமானத்தில் தரையில் கியர் மடங்காமல் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சுவிட்ச் சக்கரத்தின் காலில் எடை ஏறியிருந்தால்தான் வேலை செய்யும். இறங்கிய உடனே வேகமாக ஓடும்போது எடையில் ஒரு பகுதியை இறக்கை இன்னும் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். அதை நம்பிக் கை வைக்காதீர்கள்.

இறங்காமல் மறுபடி ஏறும்போது ஃப்ளாப் விஷயத்தில் வேறு மாதிரித் தவறு நடக்கிறது. சரியான லீவரைத்தான் பிடிப்பார்கள், ஆனால் ஒரே மூச்சில் முழுதாக ஏற்றிவிடுவார்கள், விமானம் தொப்பென்று கீழே இறங்கும். செஸ்னா 172-இன் கையேடு சொல்வது: முழு த்ராட்டில், ஃப்ளாப் முதலில் 20 டிகிரிக்கு, வேகம் வந்த பிறகு மிச்சம். 20-இல் கையை எடுத்துவிடுங்கள். கை அங்கேயே இருந்தால் மேலும் தள்ளத்தான் தோன்றும்.

எரிபொருள் செலக்டர்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் தனியாக ஓட்டிய லாங்-ஈஸீ விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். அது ஒருவர் சொந்தமாகக் கட்டிய விமானம், டென்வருக்குப் புதிது. கட்டியவர் வரைபடத்தில் இருந்ததை மாற்றி எரிபொருள் செலக்டரை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்ற குறியும் கிடையாது. அதைத் திருப்ப வேண்டுமென்றால் வலது கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியை விட்டுவிட்டு, உடம்பை இடது பக்கம் முறுக்கி, வலது கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் தானாக ரடரை (விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் மிதி) அழுத்தும். கிளம்புவதற்கு முன் அவரும் ஒரு மெக்கானிக்கும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், பிடியை நீட்டிப்பதற்காகக் குறடு ஒன்றை மாட்டிப் பார்த்தும் சரிவரவில்லை. எரிபொருள் நிரப்பவா என்று கேட்டபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்று வேண்டாம் என்றிருக்கிறார். விசாரணை வாரியம் செலக்டரைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி வலது ரடர் அழுந்திக் கட்டுப்பாடு போனது என்று முடிவு சொன்னது, செலக்டர் இருந்த இடத்தையும், போதிய எரிபொருள் இல்லாமல் கிளம்பியதையும், புது விமானத்துக்கான பயிற்சிக் குறைவையும் சேர்த்துச் சொன்னது.

எத்தனை முறை இதைப் படித்தாலும் எனக்கு அந்தக் குறடுதான் மனதில் நிற்கிறது. பிரச்சினை தரையிலேயே தெரிந்திருந்தது. கைக்கு எட்டாத ஒன்று தரையில் தெரிந்தால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்கக் கூடாது, விமானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நம்முடைய சாதாரண விமானங்களில் செய்ய வேண்டியது: பைப்பரில் இடது, வலது என்று மட்டும்தான் இருக்கும், இரண்டும் சேர்ந்து என்ற நிலை கிடையாது, ஆகவே பறக்கும்போது நீங்கள்தான் மாற்ற வேண்டும். செலக்டர் இடது முழங்கால் பக்கத்துச் சுவரில் இருப்பதால் குனிந்து பார்த்துத்தான் மாற்ற முடியும். போதிய உயரத்தில், பக்கத்தில் இறங்க இடம் இருக்கும்போது, பம்ப்பைப் போட்டுவிட்டு, செலக்டரைக் கண்ணால் பார்த்தபடி மாற்றி, எரிபொருள் பிரஷர் முள் நிலையாக நிற்கிறதா என்று சிறிது நேரம் கவனியுங்கள். டேக்-ஆஃபுக்குச் சற்று முன் டேங்க் மாற்றவே மாற்றாதீர்கள். செலக்டர் தவறான நிலைக்குப் போயிருந்தாலும் குழாயிலும் கார்புரேட்டரிலும் மிச்சம் இருக்கும் எரிபொருளில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், மேலே ஏறிய பிறகுதான் நிற்கும். மாற்றுவதானால் ரன்-அப் (கிளம்பும் முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனை) செய்வதற்கு முன்பே மாற்றி, அந்த டேங்கிலேயே ரன்-அப் செய்து, அதிலேயே கிளம்புங்கள்.

எதையாவது தொட்ட உடனே எஞ்சின் நின்றால்

கடைசியாகத் தொட்டதை முன்பு இருந்த நிலைக்கே திருப்புங்கள். விமானத்தைச் சறுக்கு வேகத்தில் வைத்ததும் அதுதான் அடுத்த வேலை. டேங்க் மாற்றியதும் நின்றதா, பழைய டேங்குக்குப் போங்கள். கார்ப் ஹீட் என்று ஒன்றை இழுத்ததும் நின்றதா, கையில் இருப்பதை உள்ளே தள்ளுங்கள். இதனால்தான் நகர்த்திய பிறகும் கையை அங்கேயே ஒரு மூச்சு நேரம் வைத்திருக்கச் சொல்கிறேன், எஞ்சின் சத்தம் மாறவில்லை என்று காது சொன்ன பிறகு எடுங்கள். கையை எடுத்துவிட்டால் அடுத்த சில விநாடிகள் எதைத் தொட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன் மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்தை (எஞ்சின் இல்லாமல் சறுக்கி இறங்கும் வேகம்) பிடியுங்கள், அதை விட்டுவிட்டுக் கீழே குனிந்து தேடக் கூடாது.

எட்டாத கட்டுப்பாடும் பூட்டிய கட்டுப்பாடும்

செஸ்னாக்களில் இருக்கை தண்டவாளத்தின் மேல் நகரும். இருக்கையைப் பூட்டும் ஊசி தண்டவாளத்தின் துளைக்குள் சரியாக விழாமல் இருந்தால் டேக்-ஆஃபில் வேகம் எடுக்கும்போது இருக்கை பின்னால் சறுக்கும். பைலட் பிடிமானத்துக்கு யோக்கையே பிடித்து இழுப்பார், மூக்கு மேலே போகும், த்ராட்டில் கைக்கு எட்டாது. இந்தத் தண்டவாளங்களைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை 1987-இல் கட்டாய உத்தரவே போட்டது. இருக்கையைச் சரிசெய்ததும் உடம்பை முன்னும் பின்னும் பலமாக உலுக்கிப் பாருங்கள், கிளிக் சத்தத்தை நம்பாதீர்கள்.

நிறுத்திவைத்த விமானத்தின் கட்டுப்பாடுகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் கட்டுப்பாட்டுப் பூட்டை எடுக்க மறப்பதும் பழைய கதைதான். 1935 அக்டோபர் 30 அன்று ரைட் ஃபீல்டில் பி-17-இன் முன்மாதிரி விமானம் பூட்டு எடுக்கப்படாமலே கிளம்பி விழுந்தது, பைலட்களின் செக்லிஸ்ட் என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் வேரூன்றியது. யோக்கை எல்லாப் பக்கமும் கடைசிவரை நகர்த்தி, இறக்கையைக் கண்ணால் பாருங்கள். ஒரு சின்ன உபாயம்: யோக்கை இரண்டு கட்டைவிரலும் மேலே நிற்கும்படி பிடித்துத் திருப்புங்கள், கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து எய்லரான் (இறக்கையின் வெளிப்பகுதியில் அசையும் தகடு) மேலே எழும்ப வேண்டும். பராமரிப்பு முடிந்து வந்த விமானம் என்றால் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை செய்யுங்கள்.

இருவர் இருந்தால்

2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விழுந்து 72 பேர் இறந்தார்கள். அது சிறிய விமானம் இல்லைதான், ஆனால் நடந்த தவறு அப்படியே நம்முடையது. ஃப்ளாப்பை நகர்த்த வேண்டிய இடத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கண்டிஷன் லீவர்களும் (ப்ரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்துபவை) பின்னுக்கு நகர்த்தப்பட்டன, இரண்டு ப்ரொப்பெல்லர்களும் இழுவிசை தராத நிலைக்குப் போய்விட்டன. விமானத்தை ஓட்டியவர் சக்தி இல்லை என்று சொன்னபோதும் லீவர்கள் எங்கே இருக்கின்றன என்பது இருவருக்கும் புலப்படவில்லை.

ஆகவே இன்ஸ்ட்ரக்டருடனோ நண்பருடனோ பறக்கும்போது, "ஃப்ளாப் 20" என்று கேட்டவர் கேட்டதோடு விடாமல் மற்றவரின் கையையும், அப்புறம் ஃப்ளாப் முள்ளையும் பார்க்க வேண்டும். நகர்த்துபவர் தொட்டுவிட்டு "ஃப்ளாப்" என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். வயதில் மூத்தவர், சார், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர் என்று தயங்காதீர்கள். அவருடைய கை உங்கள் கையைவிடப் பழகிய கை, அதனால் அதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றால், நேராகப் பறக்க ரடரை அழுத்தும்போது எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றது. அதோடு நிறுத்தாமல் அந்தப் பக்கத்து த்ராட்டிலை மெதுவாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். சத்தமும் திசையும் மாறவில்லை என்றால் மட்டும் ப்ரொப்பெல்லர் லீவருக்குப் போங்கள்.

விமானம் மாறும் நாள்

புது வகை விமானத்தில் ஏறும் நாளில் ஒரு சின்ன அட்டையில் பழையதுக்கும் புதியதுக்கும் இடம் மாறியவற்றை மட்டும் எழுதி யோக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் வாரியரிலிருந்து 152-க்குப் போனபோது எழுதியிருக்க வேண்டியது மூன்றே வரி: கார்ப் ஹீட் இடது பக்கம், ஃப்ளாப்புக்குப் பலகையில் சுவிட்ச், எரிபொருள் தரையில். பழைய விமானத்துக்குத் திரும்பும்போதும் அதே அட்டை வேண்டும், அப்போது கை புதியதில் பழகியிருக்கும். முதல் ஐந்து மணி நேரம் சர்க்யூட்டில் (ரன்வேயைச் சுற்றிவரும் பாதை) மட்டும் இருங்கள், பயணி வேண்டாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது பார்க்கிங்கில் செய்ய வேண்டியது. பறப்பு முடிந்து எஞ்சினை நிறுத்தும்போது பேசிக்கொண்டே, பையை எடுத்துக்கொண்டே சிவப்புக் குமிழை இழுக்காதீர்கள். அங்கேதான் கை அதைக் கற்றுக்கொள்கிறது. தொட்டு, பார்த்து, "மிக்ஸ்சர், எஞ்சினை நிறுத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் இழுங்கள்.